சொகுசு காரின் கியர்பாக்ஸுக்குக் கம்பெனி ஆயிலா, வெளி ஆயிலா?

சித்தப்பாவின் கார் 70 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போய்க்கொண்டிருந்தது. "இப்ப பாரு" என்று சொல்லிவிட்டு ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தினார். இரண்டு மூன்று வினாடிக்கு வண்டி கடகடவென்று நடுங்கியது. நெடுஞ்சாலையில் வேகத்தைக் குறைக்கச் சொல்லிப் போட்டிருக்கும் வரிக்கோடுகள் மேல் ஓடுவது போலவே இருந்தது. கப் ஹோல்டரில் இருந்த பாட்டிலில் தண்ணீர் சிற்றலை அடித்தது. மிதியிலிருந்து காலை எடுத்ததும் நின்றுவிட்டது.

ஆறு கியர் ஆட்டோமேட்டிக் செடான் அது. ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தாலும் அதுவரை வெண்ணெய் போல கியர் மாறிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் முன்புதான் கியர் ஆயில் மாற்றியிருந்தார். பில்லை வாங்கிப் பார்த்தேன். "ஏடிஎஃப், 5 லிட்டர்" என்று மட்டும் இருந்தது. ஏடிஎஃப் என்றால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஆயில். என்ன ஏடிஎஃப் என்று ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டபோது ஒரு கேனை எடுத்துக் காட்டினார்கள். அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் முப்பது நாற்பது கார்ப் பெயர்கள். "எல்லா வண்டிக்கும் ஆகும் சார், இதுதான் எல்லாருக்கும் ஊத்துறோம்."

கம்பெனி ஆயில் ஊற்றுவதா, வெளி ஆயில் போதுமா என்று என்னிடம் யார் கேட்டாலும் அந்தக் கேனின் பின்பக்கம்தான் நினைவுக்கு வருகிறது. இதற்கு விடை டப்பாவின் முகப்பில் இருக்கும் பெயரில் இல்லை, பின்னால் இருக்கும் அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது.

என்ஜின் ஆயிலில் பழகிய பழக்கத்தை நாம் கியர்பாக்ஸுக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். என்ஜினில் ஆயிலுக்கு முக்கிய வேலை உராய்வைக் குறைப்பது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் அதே திரவம் பல்சக்கரங்களில் வழுக்கிக் கொடுக்க வேண்டும், கிளட்ச் தகடுகளில் பிடித்துக் கொடுக்கவும் வேண்டும். வால்வுகளுக்குள் போய் அழுத்தத்தைக் கடத்த வேண்டும். என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் என்ஜினின் விசையைச் சுமக்க வேண்டும். சூட்டையும் அள்ளிக்கொண்டு கூலருக்குப் போக வேண்டும். அதாவது ஆயில் அங்கே கியர்பாக்ஸின் ஒரு பாகம். போல்ட், பேரிங் மாதிரியே அதையும் அளவெடுத்துத்தான் வடிவமைக்கிறார்கள்.

சித்தப்பாவின் கார் நடுங்கியதற்குக் காரணமும் இங்கேதான். டார்க் கன்வெர்ட்டருக்குள், என்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டிவிட லாக்-அப் கிளட்ச் என்று ஒன்று உண்டு. பழைய வண்டிகளில் அது ஒன்று முழுக்கப் பிடிக்கும், இல்லாவிட்டால் முழுக்க விடும். பிற்காலத்து வண்டிகளில் அதிர்வைக் குறைக்கவும் எரிபொருளை மிச்சப்படுத்தவும் அதை மிகக் கொஞ்சமாக, கட்டுப்பாட்டோடு வழுக்கவிடுகிறார்கள். அந்த வழுக்கல் சீராக இருக்க வேண்டுமானால், வழுக்கும் வேகம் கூடும்போது உராய்வும் மெல்லக் கூட வேண்டும். அது தலைகீழாகிவிட்டால் தகடு பிடிக்கும், நழுவும், மறுபடி பிடிக்கும். எண்ணெய் வற்றிய கதவுக் கீல் கிறீச்சிடுவதும் இதே பிடித்து விடும் ஆட்டத்தால்தான். உராய்வைச் சரியான வளைவில் வைத்திருப்பது ஆயிலில் கலந்திருக்கும் மிகச் சிறிய அளவு ரசாயனங்கள். ஆயிலைக் கையில் தொட்டுப் பார்த்தோ நிறத்தைப் பார்த்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு காலத்தில் அந்த வேலையைச் செய்தது திமிங்கில எண்ணெய் என்றால் நம்பச் சற்றுக் கடினமாக இருக்கும். 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்க ஏடிஎஃப்களில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள். திமிங்கிலங்களைக் காக்கச் சட்டம் வந்ததும் மாற்று தேட வேண்டியதாயிற்று. முதலில் வந்த மாற்று ஆயில்களில் ஒன்று கூலரின் பற்றுவைத்த இணைப்புகளை அரித்தது. அப்புறம் அதற்கும் மருந்து சேர்த்துத் திருத்தினார்கள். கலவையில் ஒரு பொருள் மாறினால் எங்கோ ஓர் இணைப்பு வரை பாதிப்பு போகும். "ஆயில்தானே" என்று சொல்பவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வது.

சரி, கம்பெனி ஆயில் என்பது என்ன? சொகுசு கார் கம்பெனி எதுவும் தானே ஆயில் காய்ச்சுவதில்லை. பெரிய எண்ணெய் நிறுவனங்களிடம் தன் தேவையைச் சொல்லிச் செய்துவாங்கி, தன் முத்திரையையும் பாக நம்பரையும் ஒட்டி விற்கிறது. பல வண்டிகளில் கியர்பாக்ஸே அந்தக் கம்பெனியுடையது கிடையாது. ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் 2009 முதல் தரும் 8எச்பி எனும் எட்டு கியர் பெட்டியைப் பாருங்கள். பிஎம்டபிள்யூ, ஆடி, ஜாகுவார், லேண்ட் ரோவர், பென்ட்லி, ரோல்ஸ்-ராய்ஸ் என்று பல முகங்களுக்குப் பின்னால் இருப்பது அந்த ஒரே குடும்பம். அதற்கு இசட்எஃப் தன் பெயரிலேயே லைஃப்கார்டு 8 என்ற பச்சை நிற ஆயிலை விற்கிறது. கார் கம்பெனிகளும் அதே கியர்பாக்ஸுக்குத் தங்கள் தங்கள் நம்பரில் டப்பா வைத்திருக்கின்றன. டப்பாவுக்கு டப்பா விலை மாறும். கியர்பாக்ஸைச் செய்தவர் தன் பெட்டிக்கென்று விற்கும் ஆயில் இருக்கும்போது, அதைக் "கம்பெனி ஆயில் இல்லை" என்று ஒதுக்குவதில் அர்த்தம் இல்லை.

ஆக உங்கள் முன்னால் இருப்பது இரண்டு வழி கிடையாது, நான்கு வழி. கார் கம்பெனியின் முத்திரை போட்ட டப்பா ஒன்று. கியர்பாக்ஸ் தயாரிப்பாளரின் டப்பா ஒன்று. வேறு ஆயில் நிறுவனம் செய்து, கார் கம்பெனியிடம் கொடுத்துச் சோதித்து, முறையான அனுமதி வாங்கிய ஆயில் ஒன்று. கடைசியாக, யாரிடமும் அனுமதி வாங்காமல் "எல்லா வண்டிக்கும்" என்று வரும் ஆயில். வெளி ஆயில் என்ற ஒரே பெயரில் மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்துக் கட்டிவிடுவதால்தான் சண்டை முடியாமல் நடக்கிறது. ஒருவர் மூன்றாவதை ஊற்றி 2 லட்சம் கிலோமீட்டர் ஓட்டியிருப்பார், இன்னொருவர் நான்காவதை ஊற்றிக் கியர்பாக்ஸைக் கழற்றியிருப்பார். இருவரும் சொல்வது உண்மைதான்.

மூன்றையும் நான்கையும் பிரித்தறிய ஒரே வழி லேபிளைச் சொல் சொல்லாகப் படிப்பது. ஒவ்வொரு வகைக் கியர் ஆயிலுக்கும் மெர்சிடிஸ் ஓர் எண் வைத்திருக்கிறது. "மெர்சிடிஸ் எம்பி-அனுமதி 236.14" என்று இருந்தால் அந்த ஆயில் சோதனைக்குப் போய்த் தேறியது என்று பொருள். "236.14 தேவைகளைப் பூர்த்தி செய்கிறது", "236.14 கேட்கும் வண்டிகளில் பயன்படுத்தலாம்", "236.14-க்குப் பரிந்துரைக்கிறோம்" என்றெல்லாம் இருந்தால் அது ஆயில் விற்பவரின் சொந்த வாக்கு. அந்த வாக்கு பொய்யாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. நல்ல நிறுவனமாக இருந்தால் உள்ளே சரக்கும் நன்றாகவே இருக்கலாம். ஆனால் சோதித்துப் பார்த்த மூன்றாவது ஆள் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். ஒரே லேபிளில் மேலே இரண்டு எண்ணுக்கு "அனுமதி" என்றும், கீழே இருபது எண்ணுக்கு "உகந்தது" என்றும் இருக்கும். மேலே இருக்கும் இரண்டைப் பார்த்த கண் கீழே இருப்பதையும் அதே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. உங்கள் வண்டிக்குரிய எண் எந்தப் பட்டியலில் வருகிறது என்று விரல் வைத்துத் தேடுங்கள்.

லேபிளையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. அனுமதி பெற்ற ஆயில்களின் பட்டியலை மெர்சிடிஸ் வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. இசட்எஃப்பும் டிஇ-எம்எல் என்ற பெயரில் தன் பட்டியல்களை வெளியிடுகிறது. கார்களின் ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கு உரியது அதில் 11-ஆம் பட்டியல். ஆயிலின் முழுப் பெயர் அங்கே இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பெயர் முழுதாக ஒத்துப்போக வேண்டும். கடைசியில் வரும் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு ஆயில்.

அந்த ஓர் எழுத்து எவ்வளவு பெரிது என்பதற்கு மெர்சிடிஸின் ஏழு கியர் பெட்டியே சாட்சி. 2003-இல் வந்த 7ஜி-டிரானிக்குக்கு 236.14 எண் கொண்ட சிவப்பு ஆயில். பிறகு வந்த 7ஜி-டிரானிக் பிளஸ்ஸுக்கு 236.15 எண் கொண்ட, இன்னும் மெல்லிய, நீல ஆயில். பார்வைக்கு இரண்டும் ஒரே கார், ஒரே ஏழு கியர். ஆனால் பழைய பெட்டியில் நீலத்தை ஊற்றக் கூடாது. கம்பெனி டப்பாவே வாங்கினாலும் எண் தவறினால் தவறுதான். அதனால்தான் "ஒரிஜினல் ஆயில் ஊற்றினேன்" என்று யாராவது சொன்னால், எந்த ஒரிஜினல் என்று நான் திருப்பிக் கேட்பேன். சரியான எண்ணுக்கு அனுமதி பெற்ற வெளி ஆயில், தவறான எண் கொண்ட கம்பெனி ஆயிலை விட எவ்வளவோ மேல்.

"எல்லா வண்டிக்கும்" கேனின் அடிப்படைச் சிக்கலும் இந்த மெல்லிய, கெட்டி விவகாரம்தான். ஜெனரல் மோட்டார்ஸின் பழைய டெக்ஸ்ரான் 3 வகை ஆயில்கள் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுமார் 7 சென்டிஸ்டோக்ஸ் அளவு பிசுப்பு, அதாவது கெட்டித்தன்மை, கொண்டவை. 2005-இல் வந்த டெக்ஸ்ரான் 6-க்கு உச்ச வரம்பே 6.4தான். அதற்குப் பிறகு வந்த பல ஆயில்கள் எரிபொருள் சிக்கனத்துக்காக அதைவிடவும் மெல்லியவை. ஒரே கேனுக்குள் இருக்கும் திரவம் ஒரே நேரத்தில் 7 ஆகவும் 5 ஆகவும் இருக்க முடியாது. பின்பக்கத்தில் இரண்டு தலைமுறைப் பெயர்களும் அருகருகே இருந்தால், ஏதோ ஒரு பக்கம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பல லட்சம் சாதாரண கார்கள் அந்த விட்டுக்கொடுப்பைத் தாங்கிக்கொண்டு ஓடுகின்றன. கிளட்ச் அழுத்தத்தைக் கணினி நொடிக்கு நொடி அளந்து கொடுக்கும் எட்டு, ஒன்பது கியர் பெட்டியில் அந்த விட்டுக்கொடுப்புக்கு இடம் மிகவும் குறைவு.

கம்பெனி ஆயில் பக்கமும் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். "இது வாழ்நாள் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்று பல சொகுசு கார் கம்பெனிகள் சொல்லிவந்திருக்கின்றன, பிஎம்டபிள்யூவும் அதில் சேர்த்தி. அதே கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் சொல்வது வேறு: ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்றுங்கள். இரண்டில் நான் பெட்டியைச் செய்தவர் பேச்சைக் கேட்பேன். உலகத்திலேயே உயர்ந்த ஆயிலை ஊற்றி 2 லட்சம் கிலோமீட்டர் அப்படியே விடுவதை விட, அனுமதி பெற்ற வெளி ஆயிலை உரிய காலத்தில் மாற்றுவது பெட்டிக்கு நல்லது. ஆயில் எவ்வளவு உழைத்தது என்பதை, கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் தட்டான ஆயில் பானைக் கழற்றினால் கண்ணாலேயே பார்க்கலாம். அடியில் இருக்கும் காந்தத் துண்டுகளின் மேல் சாம்பல் நிறத்தில் மைபோல ஒன்று அப்பியிருக்கும். விரலால் தேய்த்தால் நைசாக, பசைபோல இழுபட வேண்டும். அது வழக்கமான தேய்மானம். நறநறவென்று துகள் தட்டுப்பட்டாலோ, ஆயில் கருத்துத் தீய்ந்த வாடை அடித்தாலோ, எந்த ஆயில் என்ற கேள்வியையே தள்ளிவைத்துவிட்டுக் கியர்பாக்ஸை அறிந்த ஒருவரிடம் காட்ட வேண்டும். தேய்ந்துபோன கிளட்சை எந்த டப்பாவாலும் மீட்க முடியாது.

ஆயில் தேர்வைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், ஆனால் ஊற்றும் முறை அதைவிடப் பெரிது என்பது என் எண்ணம். இப்போதைய சொகுசு கார்களில் பெரும்பாலும் கியர் ஆயிலுக்கு டிப்ஸ்டிக் இருப்பதில்லை. என்ஜினை ஓடவிட்டு, வண்டியைச் சமமாகத் தூக்கிவைத்து, ஸ்கேனரில் ஆயிலின் சூட்டைப் பார்த்துக்கொண்டே அளவை வைக்க வேண்டும். இசட்எஃப் பெட்டிகளில் 30 முதல் 50 டிகிரிக்குள், மெர்சிடிஸின் ஏழு கியரில் 45 டிகிரியில். அளவு பார்க்கும் திருகைத் திறந்ததும் வழியும் ஆயில் தாரை மெலிந்து நூலாகி, அப்புறம் சொட்டாக மாறும். அந்த நேரத்தில் திருகை மூட வேண்டும். சூடேறினால் ஆயில் விரியும். 10 லிட்டர் கொள்ளும் பெட்டியில் 40 டிகிரி வேறுபாட்டுக்கே கால் லிட்டருக்கு மேல் அளவு மாறிவிடும். ஓட்டி வந்த வண்டியை ஆறவிடாமல், கொதிக்கிற ஆயிலில் அளவு வைத்தால், ஆறிய பிறகு பெட்டி குறையாகத்தான் ஓடும். அப்படி வரும் கோளாறுக்குப் பழியை ஆயில் பிராண்டின் மேல் போட்டுவிடுவார்கள்.

இன்னொன்று, பானைத் திறந்து வடித்தால் வருவது ஏறத்தாழ பாதி ஆயில்தான். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் நின்றுவிடும். அதனால் வகை மாறிய ஆயிலை ஊற்றினால் பழையதும் புதியதும் கலந்த ஏதோ ஒன்றுதான் உள்ளே ஓடுகிறது. முன்பு எது இருந்ததோ அதே எண்ணில் தொடர்வது பாதுகாப்பு என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். 8எச்பி போன்ற பெட்டிகளில் பிளாஸ்டிக் பானும் ஃபில்டரும் ஒரே பாகம். "பான் நல்லாத்தான் இருக்கு" என்று அதையே மாட்டிவிட்டால் பழைய ஃபில்டரும் கூடவே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆயிலில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் தயவுசெய்து அந்த மிச்சத்தை இதில் போடுங்கள்.

இரட்டை கிளட்ச் வண்டிகளுக்கும், படிப்படியான கியர் இல்லாத சிவிடி வண்டிகளுக்கும் பேச்சே தனி. சிவிடியில் எஃகுப் பட்டை உருளைகளைப் பிடிப்பதே ஆயிலின் தயவில்தான். இரட்டை கிளட்சில் சில பெட்டிகள் இரண்டு வகை ஆயில் கேட்கும். போர்ஷேயின் ஏழு கியர் பிடிகே பெட்டியில் கிளட்சுக்கு ஒன்று, பல்சக்கரத்துக்கு ஒன்று. இந்த இரண்டு வகை வண்டி வைத்திருப்பவர்கள் அனுமதிப் பட்டியலுக்கு வெளியே ஓர் அடிகூட வைக்க வேண்டாம்.

வாரண்டியில் இருக்கும் காருக்கு நான் கம்பெனி டப்பாவைத்தான் சொல்வேன். வெளியில் சர்வீஸ் செய்ததற்காக மட்டும் வாரண்டியை மறுக்கக் கூடாது என்று சில நாடுகளில் விதி உண்டு, அமெரிக்காவில் 1975 முதலே அதற்குச் சட்டம் இருக்கிறது. இருந்தாலும் கியர்பாக்ஸ் போன பிறகு சட்டம் பேசுவது வேறு, கையில் கேள்வி கேட்க முடியாத பில் இருப்பது வேறு. அந்தச் சில ஆண்டு நிம்மதிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் தகும்.

வாரண்டி முடிந்த, கோளாறு இல்லாத சாதாரண டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்குக் கியர்பாக்ஸ் தயாரிப்பாளரின் டப்பாவோ, அனுமதி பெற்ற வெளி ஆயிலோ போதும். என் காருக்கு நான் ஊற்றுவதும் அதைத்தான். டெக்ஸ்ரான் 3 காலத்துப் பழைய நான்கு, ஐந்து கியர் வண்டிகளில் கையேடு அந்த வகையையே கேட்டால் தரமான வெளி ஆயிலைத் தாராளமாக ஊற்றலாம். அந்தத் தலைமுறை அவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை. ஆனால் அதே தலைமுறையிலும் தனி எண் கேட்ட வண்டிகள் உண்டு, கையேட்டைப் பார்க்காமல் இறங்காதீர்கள்.

எங்கே வாங்குகிறோம் என்பதும் இதில் சேரும். அதிகம் போலி செய்யப்படுவது பெயர் பெற்ற டப்பாக்கள்தான். நம்ப முடியாத இடத்தில் மலிவாகக் கிடைக்கும் கம்பெனி டப்பாவை விட, தெரிந்த விற்பனையாளரிடம் சீல் உடைக்காமல் வாங்கும் அனுமதி பெற்ற வெளி ஆயில் மேல். சீலை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவின் பின்பக்கத்தையும் பேட்ச் எண்ணையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவின் வண்டிக்கு வருகிறேன். கையேட்டில் இருந்த எண்ணுக்கு அனுமதி பெற்ற ஆயில் வாங்கி, ஃபில்டரும் மாற்றி, 40 டிகிரியில் அளவு வைத்தோம். பாதிதான் மாறும் என்று தெரிந்திருந்ததால் சில நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் இன்னொரு முறை வடித்து ஊற்றினோம். முதல் முறைக்குப் பிறகு நடுக்கம் பாதியானது. இரண்டாவதற்குப் பிறகு மலைச் சாலையில் மட்டும் எப்போதாவது லேசாகத் தெரிந்தது, ஓரிரு வாரத்தில் அதுவும் அடங்கிவிட்டது. இந்த முறை பில்லில் ஆயிலின் முழுப் பெயர், அனுமதி எண், எத்தனை லிட்டர், எத்தனை டிகிரியில் அளவு வைத்தது என்று நான்கையும் எழுதித் தரச் சொல்லி வாங்கினார். அது இப்போது வண்டியின் கையேட்டுக்குள், ஆயில் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறது.